இடி மின்னல்: ரவுட்டரும் செல்போன் ஸ்டார்ட்டரும் கருகாமல் காப்பது எப்படி?

ஆத்தூர் வட்டாரத்தில் கோடை மழை சும்மா வருவதில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் முழுவதும் வெயில் கொளுத்தும். பிற்பகலில் கல்வராயன் மலைப் பக்கமும் பச்சைமலைப் பக்கமும் மேகம் திரளும். மாலையில் காற்றும் இடியும் மின்னலுமாக மழை சமவெளியில் இறங்கும். மறுபடியும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடு இடி மின்னல் வரும். முன்பெல்லாம் விவசாயி இந்த மழைக்கு அஞ்சியது வாழை சாயுமே, தென்னையில் இடி விழுமே, மரத்தடியில் மாடு நிற்கிறதே என்றுதான். இன்று அந்தப் பட்டியல் நீண்டுவிட்டது.

பெத்தநாயக்கன்பாளையம், ஏத்தாப்பூர் பக்கத்துப் பாக்குத் தோப்புகளானாலும், தலைவாசல், கெங்கவல்லி பக்கத்து மரவள்ளி, மக்காச்சோளக் காடுகளானாலும், கிணற்று மேட்டு மோட்டார் கொட்டகையில் செல்போன் ஸ்டார்ட்டர் இருக்கிறது. வீட்டில் இணையத்துக்கான ரவுட்டர் இருக்கிறது. மாட்டுக் கொட்டகையிலும் களத்திலும் காமிரா இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. இவை எல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒரே ஒரு மின்னலில் நான்கும் சேர்ந்து போவதற்குக் காரணம் இந்தப் பிணைப்புதான். எந்த வழியாக மின்னல் உள்ளே வருகிறது என்று தெரிந்துகொண்டால், பெரும்பகுதி நட்டத்தைச் செலவில்லாமலே தவிர்க்கலாம்.

மின்னல் வீட்டின் மேல் விழ வேண்டியதில்லை

ஒரு மின்னலில் பாயும் மின்னோட்டம் சாதாரணமாக 30 ஆயிரம் ஆம்பியர் அளவில் இருக்கும். அது நேராக வீட்டின் மேல் விழுவது அபூர்வம். மலையோரத்திலோ, பனை மரத்திலோ, மின் கம்பத்தின் அருகிலோ விழுந்தாலே போதும். அருகில் நீளமாக ஓடும் மின் கம்பிகளில் அதன் வேகத்தால் திடீர் மின் அழுத்தம் பிறக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய கம்பியில் சில ஆயிரம் வோல்ட் வந்து போகும். அது நீடிப்பது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் சில பங்கு நேரம்தான். ரவுட்டருக்குள் இருக்கும் சிறிய சில்லுகள் கருக அதுவே போதும்.

பியூஸ் கட்டை இருக்கிறதே, தானாக விழும் சுவிட்சு இருக்கிறதே என்று பலர் நம்பியிருக்கிறார்கள். பியூஸ் கம்பி உருகவும், சுவிட்சு விழவும் நேரம் வேண்டும். வாய்க்காலில் வெள்ளம் வந்த பிறகு மண்வெட்டியைத் தேடிப் போவது போன்றது அது. மடையை அடைப்பதற்குள் வரப்பு உடைந்திருக்கும். ஸ்டெபிலைசரின் கதையும் இதுதான். மெதுவாக ஏறி இறங்கும் மின் அழுத்தத்தைச் சரிசெய்ய அது உதவும். மின்னலின் வேகத்துக்கு அது ஈடு கொடுக்காது.

டிரான்ஸ்பார்மரின் உயர் அழுத்தப் பக்கத்தில் இடிதாங்கி பொருத்தியிருப்பார்கள். டிரான்ஸ்பார்மரைத் தாண்டி, தோட்டத்து வீடு வரை ஓடும் தாழ்வழுத்தக் கம்பியில் பிறக்கும் அழுத்தத்தை அது தடுக்காது. கம்பியின் கடைசியில், ஊருக்குத் தள்ளி இருக்கும் தோட்டத்து வீடுகளில் கருவிகள் அதிகம் பழுதாவதற்கு இது ஒரு காரணம்.

உள்ளே வரும் இரண்டு வழிகள்

முதல் வழி, எல்லோருக்கும் தெரிந்த மின் இணைப்பு. இரண்டாவது வழியைத்தான் பலர் கவனிப்பதில்லை. அது செய்திகளைக் கொண்டுபோகும் கம்பி. வீட்டிலிருந்து மாட்டுக் கொட்டகைக் காமிராவுக்கு 60, 70 மீட்டர் தூரம் தாமிரக் கேபிள் இழுத்திருப்பார்கள். அந்த நீளமான கேபிள் மின்னலுக்கு ஏரியல் போலாகிவிடுகிறது. மேலும், மின்னல் மண்ணில் இறங்கும்போது வீட்டு எர்த்துக்கும் கொட்டகை எர்த்துக்கும் இடையே பெரிய அழுத்த வேறுபாடு உண்டாகும். இரண்டையும் இணைக்கும் கேபிள் வழியே அது சமனாகப் பார்க்கும். அப்போது கேபிளின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் கருகும்.

இந்தக் கேபிள் சொருகும் துளைகள் 1,500 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட வேண்டும் என்பது உலகத் தர விதி. மின்னலின்போது வருவது அதைவிட அதிகம். சுவரில் விலை உயர்ந்த பாதுகாப்புப் பலகை மாட்டியிருந்தும் ரவுட்டர் போய்விட்டது என்று சொல்பவர்கள் வீட்டில், பெரும்பாலும் இந்தக் கேபிள்தான் வழி விட்டிருக்கும். கேபிள் டி.வி. கம்பியும் இதே கணக்குதான்.

கண்ணாடி இழைக் கேபிள் வந்த வீடுகளில் கவலை பாதி குறைவு. அதில் போவது வெளிச்சமே தவிர மின்சாரம் அல்ல. ஆனால் கம்பத்திலிருந்து வீடு வரை இழையைத் தாங்கி வர ஓர் இரும்புக் கம்பியைச் சேர்த்திருப்பார்கள். அந்த இரும்புக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே கொக்கியில் கட்டி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே விடச் சொல்ல வேண்டும். ரவுட்டருக்கு மின்சாரம் தரும் அடாப்டர் வழியாக அழுத்தம் வருவதை இழைக் கேபிள் தடுக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

நியூட்ரல் அறுந்தால்

காற்று மழையில் கருவிகள் எரிவதற்கு மின்னல் மட்டும் காரணமல்ல. மரக்கிளை விழுந்து கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தால், ஒரு வீட்டில் விளக்கு மங்கும்; அடுத்த வீட்டில் கண் கூசும் அளவுக்கு எரியும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறலாம். மின்னல் போல இது நொடியில் போய்விடாது. சரிசெய்யும் வரை நீடிக்கும். விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசித்தால், காரணம் தேடிக்கொண்டிராமல் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு மின் வாரியத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். வாரியத்தின் மின்னகம் சேவை எண் 94987 94987.

மழைக்கு முன் செய்ய வேண்டியது

செலவில்லாத, மிகச் சிறந்த பாதுகாப்பு பிளக்கைப் பிடுங்கி வைப்பதே. சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. சுவிட்சுக்குள் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. மின்னலின் அழுத்தம் அதைத் தாண்டிவிடும். சுவிட்சு ஒரு கம்பியைத்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் இணைந்தே இருக்கும்.

கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்திவிட்டு அதன் பிளக்கை எடுக்க வேண்டும். ரவுட்டர், காமிராப் பெட்டி, டி.வி. ஆகியவற்றின் பிளக்குகளையும் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் தாமிரக் கேபிள்களையும் டி.வி. கம்பியையும் கழற்ற வேண்டும். பிளக்கை எடுத்துவிட்டுக் கேபிளை விட்டுவைப்பது, முன்கதவைப் பூட்டிவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பதற்குச் சமம். கழற்றிய முனைகளைக் கருவியிலிருந்து ஓர் அடியாவது தள்ளி வைக்க வேண்டும். இழைக் கேபிளைக் கழற்ற வேண்டியதில்லை. அதை அடிக்கடி கழற்றினால் முனையில் தூசி படிந்து பழுதாகும்.

இதையெல்லாம் மேகம் திரளும்போதே செய்துவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கம்பியைத் தொடக் கூடாது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்கி, இடி கேட்கும் வரை எத்தனை வினாடி என்று பார்க்கலாம். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்பது கணக்கு. 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அப்போது கருவிகள் போனாலும் போகட்டும் என்று விட்டுவிட்டு, சுவரையும் கம்பியையும் தொடாமல் வீட்டுக்குள் இருப்பதே அறிவுடைமை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை வெளியே போகக் கூடாது. சார்ஜரில் மாட்டாத செல்போனை வீட்டுக்குள் பயன்படுத்துவதால் ஆபத்தில்லை. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' என்ற செல்போன் செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் நெருங்குவதை முன்கூட்டி எச்சரிக்கிறது.

மோட்டார் கொட்டகைக்கு ஓட வேண்டாம்

இடி இடிக்கும்போது செல்போன் ஸ்டார்ட்டரைக் காப்பாற்றக் கிணற்று மேட்டுக்கு ஓடுவது மிகவும் ஆபத்தானது. திறந்த வெளி, ஈர மண், இரும்புப் பெட்டி ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிட்டுள்ளது. வயலிலும் திறந்த வெளியிலும் வேலை செய்பவர்கள்தான் இந்த ஆபத்துக்கு அதிகம் உள்ளாகிறவர்கள். ஸ்டார்ட்டரை மறுபடியும் வாங்கலாம்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே கொட்டகையில் மூன்று ஏற்பாடுகளைச் செய்துவைத்தால் ஓட வேண்டிய தேவையே வராது.

முதலாவது, மும்முனைக்கான மின்னல் அழுத்தத் தடுப்பானை ஸ்டார்ட்டருக்கு முன்னால் பொருத்துவது.

இரண்டாவது, பழைய கை ஸ்டார்ட்டரைக் கழற்றி எறியாமல் வைத்திருப்பது. செல்போன் கருவி பழுதானாலும் மாற்று சுவிட்சு மூலம் கையால் மோட்டாரை ஓட்டும்படி மின் பணியாளரைக் கொண்டு இணைத்துக்கொள்ள வேண்டும். மரவள்ளிக்கு ஒரு வாரம் தண்ணீர் தள்ளிப்போனால் தாங்கும். கோடையில் பாக்குக் கன்றுகளும் மஞ்சள் நடவும் தாங்குவது கடினம்.

மூன்றாவது, தானியங்கி முறையைக் கவனிப்பது. மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடும்படி வைத்திருப்பவர்கள், மேகம் திரண்டதும் வீட்டிலிருந்தே செல்போன் மூலம் அதை நிறுத்திவிட வேண்டும். புயலுக்குப் பின் மின்சாரம் பல நேரம் இரண்டு முனையில் மட்டும் வரும். முனை குறைவதைக் கண்டறியும் பகுதி மின்னலில் கருகியிருந்தால், மோட்டார் இரண்டு முனையில் ஓட முயன்று காயில் எரிந்துபோகும். சிறிய அட்டை ஒன்று போனதோடு நிற்க வேண்டிய நட்டம், மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டும் செலவில் வந்து முடியும்.

எர்த் சரியாக இருக்கிறதா?

எந்தத் தடுப்பானும் வந்த மின்சாரத்தை விழுங்கிவிடுவதில்லை. அதை மண்ணுக்குள் திருப்பி விடுகிறது, அவ்வளவுதான். எர்த் சரியில்லாத வீட்டில் தடுப்பான் மாட்டுவது, வடிகால் இல்லாத வயலுக்கு மதகு வைப்பது போன்றது.

நல்ல எர்த்துக்கு 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள, துத்தநாகப் பூச்சுக் கொண்ட இரும்புக் குழாய், குறைந்தது இரண்டரை மீட்டர் ஆழத்துக்கு இறங்க வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்புவது நெடுங்காலமாக உள்ள முறை. பாறையும் சரளையும் கலந்த மேட்டு நிலங்களில் பாதிக் குழாயை அறுத்துவிட்டு மேலாகப் புதைப்பது உண்டு. அது பயன்படாது. ஆழம் போக முடியாத இடத்தில் தள்ளித் தள்ளி இரண்டு மூன்று குழாய் இறக்கி, அவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும்.

மண் காய்ந்தால் எர்த் வலுவிழக்கும். ஆத்தூர்ப் பகுதியில் மண் மிகவும் காய்ந்து கிடக்கும் பங்குனி, சித்திரையில்தான் முதல் இடிமழையும் வருகிறது. எனவே மாசி மாதத்திலிருந்தே எர்த் குழியில் வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வர வேண்டும். எர்த்தின் தடை ஐந்து ஓமுக்குள் இருப்பது நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை மின் பணியாளரிடம் உரிய கருவியால் அளந்து பார்க்கச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டருக்கென்று தனி எர்த் போடுவோர், அதை வீட்டு எர்த்தோடு இணைத்தே ஆக வேண்டும். ஒரே வீட்டில் இணைக்காத இரண்டு எர்த் இருந்தால் மின்னலின்போது இரண்டுக்கும் இடையே அழுத்தம் ஏறி, நடுவில் உள்ள கருவியைப் பாழாக்கும்.

தடுப்பான் வாங்குவோர் கவனத்துக்கு

மெயின் போர்டில் பொருத்தும் தடுப்பானுக்குள் துத்தநாக ஆக்சைடு வில்லைகள் இருக்கும. சாதாரண அழுத்தத்தில் அவை மின்சாரத்தை விடா. அழுத்தம் எகிறினால் வழி திறந்து எர்த்துக்கு அனுப்பும். மின் கம்பியிலிருந்து தடுப்பானுக்கும், அங்கிருந்து எர்த் கட்டைக்கும் போகும் கம்பிகள் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். கம்பியைச் சுருட்டி வைத்தால் பலன் குறையும். தடுப்பானில் பச்சை அடையாளம் சிவப்பாக மாறினால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஒவ்வொரு பெரிய இடிமழைக்குப் பிறகும் அதைப் பார்க்க வேண்டும்.

கடையில் கிடைக்கும் பல துளைப் பலகைகளில் 'மின்னல் பாதுகாப்பு' என்று அச்சிட்டிருக்கும். அதை மாட்டும் சுவர்த் துளையின் மூன்றாவது முனை எர்த்தோடு இணையாமல் இருந்தால் பாதுகாப்பு பெயரளவில்தான்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1752-ல் எடுத்துக்காட்டிய கூர்முனை இடிதாங்கியைப் பலர் கூரையில் வைக்கிறார்கள். அது கட்டடத்தைக் காக்கும். உள்ளே உள்ள ரவுட்டரைக் காக்க மெயின் போர்டுத் தடுப்பானும் வேண்டும்.

வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே புதிதாகக் கேபிள் இழுப்போர் தாமிரத்துக்குப் பதில் இரும்புக் கம்பி சேராத கண்ணாடி இழைக் கேபிளைப் போட்டு, இரு முனையிலும் மாற்றிக் கருவி வைத்துக்கொள்வது நலம். கம்பியில்லாத இணைப்பும் ஏற்றதே.

மழை விட்ட பிறகு

இரவில் சோதனை செய்யாமல் விடியும் வரை பொறுக்க வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியை எவரும் நெருங்கக் கூடாது. மாடுகளையும் அந்தப் பக்கம் விடக் கூடாது. மெயின் போர்டு நனைந்திருந்தாலோ, கருகிய வாடை வந்தாலோ, தொடாமல் மின் பணியாளரை அழைக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் முதலில் ஒரு விளக்கை மட்டும் போட்டுப் பார்த்து, அழுத்தத்தை அளந்து, பிறகு கருவிகளுக்கு வரலாம்.

எல்லாமே போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதிதாக வாங்க ஓடக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

1. ரவுட்டரைக் கேபிள் எதுவும் இல்லாமல், அடாப்டருடன் மட்டும் இணைக்கவும். விளக்கே எரியவில்லை என்றால் அடாப்டர் மட்டும் போயிருக்கலாம். அதில் எழுதியுள்ள வோல்ட் அளவும் பிளஸ், மைனஸ் முனையும் ஒத்த, ஆம்பியர் குறையாத வேறோர் அடாப்டரைப் போட்டுப் பார்க்கவும்.

2. விளக்கு எரிந்து, இணையத்துக்கான சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்தால், வெளியே இழை அறுந்திருக்கலாம். ரவுட்டர் நன்றாக இருக்கக் கூடும். இணைப்புக் கொடுத்தவரிடம் சொல்ல வேண்டும். ரவுட்டரை அவர்களே கொடுத்திருந்தால் மாற்றித் தரும்படி கேட்கவும்.

3. பிறகு செல்போனில் கம்பியில்லா இணைப்பு கிடைக்கிறதா என்று பார்க்கவும். அடுத்து, நல்லதென்று தெரிந்த சிறிய கேபிளால் ஒவ்வொரு துளையாகச் சோதிக்கவும். ஒரு துளை கருகி, மற்றவை வேலை செய்வது உண்டு.

4. கம்ப்யூட்டர் ஓடுகிறது, கேபிள் துளை மட்டும் வேலை செய்யவில்லை என்றால், கம்ப்யூட்டரை மாற்ற வேண்டாம். யு.எஸ்.பி. துளையில் சொருகும் சிறிய இணைப்புக் கருவி போதும்.

5. வெளிக் கேபிள்களையும் காமிராக்களையும் கடைசியில், ஒவ்வொன்றாக இணைக்கவும். பழுதான காமிராவையும் சேதமான கேபிளையும் அப்படியே புது ரவுட்டரில் மாட்டினால் புதியதும் போகும்.

6. காமிராப் பெட்டி போனாலும் அதற்குள் உள்ள பதிவுத் தட்டு நன்றாக இருக்கலாம். பழைய பொருளாகப் போடும் முன் அதைக் கழற்றிச் சோதிக்கவும்.

நனைந்த கருவிகள்

2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த பெஞ்சல் புயல், உள்நாட்டுக்குள் நகர்ந்து ஏற்காடு, ஊத்தங்கரை வரை பெருமழையைக் கொட்டியது. கடலோரத்துக்குத்தான் புயல் என்ற எண்ணம் சேலம் மாவட்டத்துக்குப் பொருந்தாது என்பதை அது காட்டியது. வசிஷ்ட நதியோரத்திலும் ஓடைக் கரையிலும் உள்ள வீடுகளில் ரவுட்டரையும் கம்ப்யூட்டர் பெட்டியையும் தரையில் வைக்காமல், இடுப்பு உயரத்துக்கு மேல் பலகையில் வைக்க வேண்டும்.

நனைந்த கருவியை ஓடுகிறதா என்று போட்டுப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. முதலில் மெயினை நிறுத்திப் பிளக்கை எடுத்து, நீரை வடித்து, துடைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு மூன்று நாள் உலர்த்த வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைப்பதால் பயனில்லை. தவிட்டுத் தூசிதான் உள்ளே போகும். சேற்று நீர் புகுந்திருந்தால் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யவேண்டும். நனைந்த அடாப்டரை மறுபடி பயன்படுத்தக் கூடாது.

கணக்கும் காப்பீடும்

பட்டா, கிரையப் பத்திர நகல்கள், ஜவ்வரிசி ஆலைக்குக் கிழங்கு அனுப்பிய கணக்கு, பிள்ளைகளின் பாடக் குறிப்பு ஆகியவை கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால், கருவியை விட அவற்றின் இழப்பே பெரிதாகும். மாதம் ஒரு முறை தனி நினைவகக் குச்சியில் பதிந்து, எதிலும் சொருகாமல் பெட்டியில் வைக்க வேண்டும்.

வீட்டுக் காப்பீடு வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்னலால் வீட்டுக்கு ஏற்படும் சேதம் தீக்காப்பீட்டில் அடங்கும். ஆனால் மின்சாரக் கருவி உள்ளுக்குள் அழுத்தத்தால் கருகினால், மின்னலே காரணமானாலும் இழப்பீடு இல்லை என்ற விதி பல ஒப்பந்தங்களில் இருக்கிறது. பணம் கட்டும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, மின்னணுக் கருவிகளுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டா என்று விசாரிக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் படம் எடுத்து, வாங்கிய ரசீதோடு கருகிய பொருளையும் வைத்திருக்க வேண்டும்.

செல்போன் ஸ்டார்ட்டர் புதிதாக வாங்க விரும்புவோர், மானியம் பற்றி வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டறியலாம். வாங்கும்போதே மும்முனைத் தடுப்பானையும் எர்த்தையும் சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. பங்குனி பிறப்பதற்குள் ஒரு நாளை ஒதுக்கி, எர்த் குழி, மெயின் போர்டு, கொட்டகைக் கேபிள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, பிளக்குகளையும் கேபிள்களையும் எந்த வரிசையில் எடுப்பது என்பதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். மேகம் திரளும் நேரத்தில் விவசாயி காட்டில் இருப்பார். பிளக்கை எடுக்க வேண்டியவர்கள் வீட்டில் இருப்பவர்கள்தான்.